இரவு ஆட்டம், வாரப் பத்தி, 11.30 மணிக் கெடு: எப்படிச் சமாளிப்பது?

ஓரக்கோடு கேட்கிறார்:

நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் ஆறு வருடமாக ஆட்டச் செய்தி எழுதுகிறேன். கிரிக்கெட்தான் அதிகம், இடையிடையே கால்பந்தும் டென்னிஸும். அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒரு பத்தி, அதாவது என் பார்வையைச் சொல்லும் கட்டுரை, எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 550 சொல், பெயரும் படமும் போட்டு வரும். பத்தி வரும் நாளுக்கு முந்தைய இரவில் பெரும்பாலும் ஆட்டம் இருக்கும். அது முடிய 11 மணி ஆகும். பக்கம் 11.30-க்குப் போயாக வேண்டும்.

செய்தியும் பத்தியும் நடைமுறையில் எங்கே பிரிகின்றன? அரை மணியில் எப்படி முடிப்பது? பத்தி எழுதுகிறவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்? முன்னாள் வீரர்களே எல்லாப் பத்தியையும் எழுதும் காலத்தில் செய்தியாளருக்கு இதில் எதிர்காலம் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடைசிப்பக்கம்:

முதலில் நேரக்கணக்கு. 11-க்கு ஆட்டம், 11.30-க்குப் பக்கம் என்றால் உங்கள் கையில் அரை மணி இல்லை. தலைப்புப் போட, பிழை பார்க்க, இடத்துக்கு வெட்டப் பக்கம் கட்டுகிறவருக்கு 15 நிமிடம் வேண்டும். மீதிப் பதினைந்தில் 550 சொல் எழுதினால் அதை எழுதியவரே மறுநாள் படிக்கமாட்டார். அதனால் பத்தியை மூன்று துண்டாக, கீழிருந்து மேலாகக் கட்டுங்கள்.

அடித்துண்டு 250 சொல். இது மதியமே முடிந்திருக்க வேண்டும். யார் ஜெயித்தாலும் பொய்யாகாத விஷயம் மட்டும்தான் இதில் வரலாம். புதுப்பந்து வீசிக்கொண்டிருந்தவரை ஏன் கடைசி ஓவர்களுக்கு நகர்த்தினார்கள், நாலாவதாக இடக்கை ஆட்டக்காரர் இறங்குவதால் எதிரணியின் சுழல் எப்படி மாறுகிறது, இந்த மாதிரி. நடுத்துண்டு 180 சொல், இன்னிங்ஸ் இடைவேளையில். தலைத்துண்டு 120 சொல். கடைசி ஐந்து ஓவர் நடக்கும்போது இதை இரண்டு வடிவமாக எழுதிவைப்பார்கள்: இந்த அணி ஜெயித்தால் ஒன்று, அந்த அணி ஜெயித்தால் ஒன்று.

இதில் வழக்கமாக நடக்கும் விபத்துகள்:

தோற்ற அணி ஜெயித்ததாகப் பத்தி அச்சாகிவிடும். இரண்டு தலையும் ஒரே கோப்பில் மேலும் கீழுமாக இருந்ததுதான் காரணமாக இருக்கும். தனித்தனிக் கோப்பில் வையுங்கள், கோப்பின் பெயரிலேயே அணியின் பெயர் இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் வேண்டாததை அழித்துவிட்டுத்தான் மற்றதை அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு அழிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது இன்னும் சகஜம். 9.15-க்கு எழுதிய நடுத்துண்டில் ஒருவர் 38 பந்தில் எடுத்த 40 ரன்னைப் ‘பொறுப்பான ஆட்டம்’ என்று பாராட்டியிருப்பீர்கள். அணி 6 விக்கெட்டில் தோற்றுவிடும். தலையை மாற்றியிருப்பீர்கள், நடுவை மறந்திருப்பீர்கள். அதற்காகவே கடைசி மூன்று நிமிடத்தை ஒதுக்கி, கடைசி பாராவில் தொடங்கி மேல்நோக்கிப் படியுங்கள். மேலிருந்து படித்தால் கண் தானாக வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்றாவது, இன்னும் தெரியாத எண்களுக்கு விடும் இடம். சிலர் 000 போடுவார்கள். அது எண் மாதிரியே இருப்பதால் அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறது. கட்டம், நட்சத்திரம் போன்ற குறிகளும் ஆபத்து. யூனிகோடில் அடித்ததைப் பக்க வடிவமைப்பின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது அவை வேறு ஏதாவது எழுத்தாகிவிடும். ‘இங்கேஎண்’ என்று தமிழிலேயே ஒரே சொல்லாக அடியுங்கள். எந்த மாற்றத்திலும் தப்பிக்கும், தேடினால் கிடைக்கும், தப்பித்தவறி மிஞ்சினாலும் பிழை பார்ப்பவர் கண்ணில் குத்தும்.

ஆட்டம் சமனாகிச் சூப்பர் ஓவருக்குப் போனால் இரண்டு தலையும் வீண். அதனால் முடிவைத் தொடாமல், ஆட்டத்தின் ஒரு காட்சியைப் பிடித்துத் தொடங்கும் மூன்றாவது தலை ஒன்று கைவசம் இருக்கட்டும். பல நாள் அதுதான் மூன்றிலும் நல்லதாக அமையும். மழைக்கும் காய்ச்சலுக்கும் தேதி ஒட்டாத இரண்டு முழுப் பத்திகள் சேமிப்பில் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை எடுத்துப் பாருங்கள், அதற்குள் கேப்டன் மாறியிருப்பார்.

செய்திக்கும் பத்திக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு சோதனை போதும். எழுதப்போவதை ‘ஏனென்றால்’ வைத்து ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? “தோல்வி 12-வது ஓவரிலேயே தொடங்கிவிட்டது, ஏனென்றால் நன்றாக வீசிக்கொண்டிருந்த சுழலை அங்கே நிறுத்தினார்கள்.” இது பத்தி. “ஆட்டம் பரபரப்பாக இருந்தது” என்பதை வாசகர் உங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்.

நாட்அவுட்:

சறுக்குவது பெரும்பாலும் கருத்தில் இல்லை, கணக்கிலும் விதியிலும்தான். ஒரு எண் தப்பினால் மேலே சொன்ன கருத்தை யாரும் மதிக்கமாட்டார்கள்.

பேட்டிங் சராசரி என்பது ரன்னை அவுட்டான எண்ணிக்கையால் வகுப்பது, இன்னிங்ஸால் அல்ல. பிராட்மன் 80 இன்னிங்ஸில் 6,996 ரன். 10 முறை நாட்அவுட், ஆக 70-ஆல் வகுத்தால் 99.94. 80-ஆல் வகுத்தால் 87.45 வரும். ஒரு தொடரின் சராசரியை அவசரத்தில் கையால் போடும்போது இந்தத் தப்பு அடிக்கடி நடக்கும்.

ஓவரில் வரும் புள்ளி தசமப்புள்ளி அல்ல. 4.3 ஓவர் என்றால் 27 பந்து, அதாவது நாலரை ஓவர். 36 ரன் கொடுத்திருந்தால் எகானமி, அதாவது ஓவருக்குக் கொடுத்த ரன், சரியாக 8. கால்குலேட்டரில் 36-ஐ 4.3-ஆல் வகுத்து 8.37 என்று போடுவார்கள். ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழிக்கும் நெட் ரன்ரேட்டில் இன்னொரு குழி உண்டு: 20 ஓவர் ஆட்டத்தில் ஒரு அணி 18.2 ஓவரில் ஆல்-அவுட் ஆனாலும் கணக்குக்கு 20 ஓவர்தான்.

கால்பந்தில் ஷூட்-அவுட்டில் போடுவது வீரரின் கோல் கணக்கில் சேராது. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் 3-3, ஷூட்-அவுட்டில் அர்ஜென்டினா 4-2. மெஸ்ஸிக்கு அன்று 2 கோல், எம்பாப்பேக்கு 3. தொடரில் முறையே 7, 8. இருவரும் ஷூட்-அவுட்டிலும் போட்டார்கள் என்று அதையும் கூட்டினால் அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி கணக்கே மாறிவிடும்.

கிரிக்கெட் விதி விஷயத்தில் இரண்டு அடுக்கு உண்டு: விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி.யின் விதிகள், அந்தந்தத் தொடருக்கான ஆட்ட நிபந்தனைகள். 2023 நவம்பர் 6-ல் டெல்லியில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ், குறித்த நேரத்துக்குள் ஆடத் தயாராகாததால் ‘டைம்டு அவுட்’ ஆனபோது பலர் மூன்று நிமிடம் என்று எழுதினார்கள். எம்.சி.சி. விதியில் அது மூன்றுதான். அந்த உலகக் கோப்பையின் நிபந்தனையில் இரண்டு நிமிடம். சர்வதேச டி20-யில் 90 நொடி. மூன்றும் சரி, எந்த ஆட்டம் என்பதுதான் கேள்வி. பத்தியின் வாதமே நேரத்தைப் பற்றியது என்றால் இங்கே தப்பினால் எல்லாம் போச்சு.

பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிப் போகும் ஆட்டக்காரரைப் பந்துவீசும் முனையில் ரன்-அவுட் செய்வதும் அப்படித்தான். வினூ மன்கட் 1947 டிசம்பரில் சிட்னியில் பில் பிரவுனை எடுத்ததிலிருந்து 2019-ல் ஜெய்ப்பூரில் அஸ்வின் பட்லரை எடுத்தது வரை, அது விதிப்படி அவுட். 2022 அக்டோபர் 1 முதல் அது ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற 41-வது விதியிலிருந்து ‘ரன்-அவுட்’ என்ற 38-வது விதிக்குப் போனது, அவ்வளவுதான். “விதி அனுமதித்தாலும் எனக்கு ஒப்பவில்லை” என்று எழுதலாம். அது கருத்து. “விதிமீறல்” என்று எழுதினால் அது பிழை.

எண் எப்போதும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். சில எண்கள் ஒரு முழுப் பத்தியைத் தூக்கி நிறுத்தும். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. மூன்று டைபிரேக்கையும் அவரே எடுத்தார். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று ஃபெடரர் கையில் இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளி இருந்தது, ஒன்றை எடுத்தாலே கோப்பை. 14 புள்ளி குறைவாக எடுத்தவர் எப்படி ஜெயித்தார் என்ற ஒரு கேள்வி போதும். அந்த எண்ணோடு வேறு நாலு எண்ணைச் சேர்த்தால் கெட்டுப்போகும். 550 சொல்லில் மூன்று எண்ணுக்கு மேல் வாசகர் சுமக்கமாட்டார்.

ஒற்றுமிகும்:

மொழிப் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை வெட்டி ஒட்டும் பாவம் பிழை திருத்தும் எங்கள் மேசைக்குத்தான்.

செய்தித் தலைப்புக்கென்று வளர்ந்த வினைகள் இருக்கின்றன: பந்தாடியது, துவம்சம் செய்தது, பழிதீர்த்தது, மண்ணைக் கவ்வியது, வெற்றிவாகை சூடியது. மூன்று சொல் தலைப்புக்கு அவை தேவை. பத்திக்குள் வந்தால் எழுதியவர் எதையும் பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பிட்டுப் பாருங்கள்:

“அனல் பறந்த ஆட்டத்தில் கடைசி ஓவர்களில் சொதப்பிய பந்துவீச்சால் அந்த அணி மண்ணைக் கவ்வியது.”

“16-வது ஓவர் தொடங்கும்போது லாங்-ஆனில் ஆள் இல்லை. அடுத்த நாலு பந்தில் மூன்று அங்கேயே போயின. ஐந்தாவது பந்துக்கு முன்புதான் கேப்டன் கையை ஆட்டி ஒருவரை அனுப்பினார்.”

இரண்டாவதில் ‘சொதப்பல்’ என்ற சொல்லே இல்லை, ஆனால் யார் சொதப்பினார் என்று தெரிகிறது.

‘ஆடுகளம்’ என்ற சொல்லைப் பாதிப் பேர் பிட்சுக்கும் பாதிப் பேர் மைதானத்துக்கும் போடுகிறார்கள். பத்திக்குள் ஒரே பொருளில் வையுங்கள்: 22 கெஜம் ஆடுகளம், மற்றது மைதானம். தோனியா டோனியா, கோலியா கோஹ்லியா என்பது உங்கள் விருப்பமல்ல, உங்கள் இதழின் நடைமுறை. பத்தியில் ஒன்று, பக்கத்திலேயே செய்தியில் வேறொன்று வந்தால் வாசகர் கடிதம் வரும், அதற்கு நாங்கள்தான் பதில் எழுதுவோம். பேட்ஸ்மேன் என்பதை 2021 செப்டம்பரில் எம்.சி.சி. ‘பேட்டர்’ என்று மாற்றிவிட்டது. தமிழில் பேட்டர், மட்டையாளர் என்று எது போட்டாலும் சரி, பெண்கள் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது பழக்கதோஷத்தில் ‘பேட்ஸ்மேன்’ வராமல் பாருங்கள்.

வீரர் ஆங்கிலத்தில் சொன்னதை மேற்கோள் குறிக்குள் செந்தமிழில் போடாதீர்கள். எந்தக் கேப்டனும் “எங்கள் பந்துவீச்சாளர்கள் அளப்பரிய ஆற்றலை வெளிப்படுத்தினர்” என்று பேசுவதில்லை. ‘என்றார்’ போட்டுப் பொருளை மட்டும் சொல்லுங்கள். சொல்லுக்காகவே மதிப்புள்ள வாக்கியம் என்றால் மட்டும் மேற்கோள்.

நீளத்தைச் சொல்லில் எண்ணாமல் எழுத்தில் எண்ணுங்கள். ‘தோற்கடிக்கப்பட்டிருக்கிறார்கள்’ ஒரு சொல். அப்படிப் பத்து வந்தால் நாலு வரி அதிகம். உங்கள் 550-க்கு எத்தனை எழுத்து என்று பக்கம் கட்டுகிறவரிடம் முதல் வாரமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காதவர்களுக்குக் கடைசி பாராதான் வெட்டுப்படும், அதில்தான் பெரும்பாலும் வாதத்தின் முடிவு இருக்கும்.

பழமொழி விஷயம் ஒன்று. கேப்டன் ஆடுகளத்தைக் குறை சொன்னால் உடனே ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ வந்து நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை அனுமதிக்கலாம்.

லாங்லெக்:

மைதானத்துக்குப் போக வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நேரம் நெருக்கும்போது முதலில் விடுபடுவது அதுதான். எல்.பி.டபிள்யூ., எட்ஜ், பந்து எவ்வளவு திரும்பியது எல்லாம் டிவியில்தான் தெளிவாகத் தெரியும். அதற்காக மைதானத்தில் கண்ணைக் கசக்க வேண்டாம். டிவி காட்டாதது வேறு: பந்து வீசும் முன் ஃபீல்ட் எப்படி நின்றது, யாரை எத்தனை அடி நகர்த்தினார்கள், மிட்-ஆஃபில் நிற்பவரிடம் கேப்டன் எத்தனை முறை போனார், ஆட்டத்துக்கு முன் பக்கத்து ஆடுகளத்தில் யார் முழு ரன்-அப்போடு வீசினார், யார் இரண்டு பந்தோடு நிறுத்தினார். சீக்கிரம் போய் இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்துவைத்தால் நடுத்துண்டு பாதி முடிந்த மாதிரி.

பத்திரிகையாளர் மாடத்தில் கைதட்டக் கூடாது, வீரரோடு செல்ஃபி கூடாது என்பது ஆறு வருடத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்தி எழுதுகிறவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, செய்தியாளர் சந்திப்பில் எல்லோருக்கும் கிடைத்த மேற்கோளை நம்பிப் பத்தியைக் கட்டாமல் இருப்பது. அது அன்றிரவே எல்லா இடத்திலும் வந்துவிடும்.

கடைசிப்பக்கம் சொன்னதில் ஒன்றில் எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டு தலை எழுதுவது வீண் வேலை. மூன்றாவது தலை என்று சொன்னாரே, அதை மட்டும் எழுதி, முடிவை இரண்டாவது பாராவில் ஒரு வரியில் சேர்த்தால் போதும்.

ஓரக்கோடு:

எல்லோருக்கும் நன்றி. ‘இங்கேஎண்’ இன்றே தொடங்கிவிட்டேன். இரண்டு விஷயம் பாக்கி. ஒரு வீரர் வேண்டுமென்றே மெதுவாக ஆடினார் என்று தோன்றினால் எழுதலாமா? அப்புறம் அந்த எதிர்காலக் கேள்வி.

கடைசிப்பக்கம்:

முதல் கேள்விக்கு: ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கடிந்துகொள்ளலாம். நேர்மையைத் தொட்டால் ஆதாரம் வேண்டும். “24 பந்தில் 11 ரன், அதில் 15 டாட் பால் (ரன் இல்லாத பந்து), அப்போது கையில் எட்டு விக்கெட் இருந்தது, இந்த நிதானம் புரியவில்லை” என்பது பதிவான உண்மையின் மேல் வைத்த கருத்து. “யாருக்காக இப்படி ஆடினார்?” என்று கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். கேள்விக்குறி அவதூறு வழக்கில் காப்பாற்றாது. ‘விற்றுவிட்டார்’ என்ற பொருள் தரும் எதுவானாலும் ஆசிரியரும் வழக்கறிஞரும் பார்த்த பிறகுதான், இரவு 11.15-க்கு ஒருபோதும் இல்லை.

எதிர்காலம் பற்றி: முன்னாள் வீரர் பெயரில் வரும் பத்திகளில் கணிசமானவற்றைச் செய்தியாளர்தான் எழுதுகிறார். போனில் 15, 20 நிமிடம் பேச்சு, பதிவு, அதிலிருந்து 500 சொல், ஒப்புதலுக்கு அவரிடமே அனுப்புவது. இந்த வேலை உங்களுக்கும் வரும். ‘8 மணிக்குள் பதில் வராவிட்டால் அப்படியே போடலாம்’ என்பதை முதல் வாரமே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவரிடம் ஒரே ஒரு தருணத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்: அந்தப் பந்துக்கு முன் நீங்களாக இருந்தால் ஃபீல்டை எப்படி வைப்பீர்கள்? பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பேசுவார். அதே மாலை டிவியில் அவர் எதிர்மாறாகப் பேசுவார், அதற்கும் தயாராக இருங்கள்.

ஒற்றுமிகும்:

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து வரும் நட்சத்திரப் பத்திகளையும் உங்களிடம் தள்ளுவார்கள். ‘பீட்டன்’ என்றால் மட்டையைத் தாண்டிப் பந்து போனது என்று பொருள், அடி வாங்கினார் என்றல்ல. ‘டெட் ரப்பர்’ வந்தால் தொடர் ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஆட்டம். ‘இறந்த ரப்பர்’ என்று ஒருமுறை மேசைக்கு வந்தால் வருடக்கணக்கில் சிரிப்பார்கள்.

நாட்அவுட்:

எதிர்காலத்துக்கு ஊர்பேர் தெரிந்த உதாரணங்களைப் பாருங்கள். விளையாட்டுப் பத்திக்காக அமெரிக்கப் பத்திரிகைப் பரிசான புலிட்சர் வாங்கிய டேவ் ஆண்டர்சன், முதலில் புரூக்ளின் ஈகிள் இதழில் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியோடு அலைந்த செய்தியாளர். அந்த இதழ் 1955-ல் மூடப்பட்டது. நியூயார்க் டைம்ஸில் பத்தி கிடைத்தது 1971-ல், பரிசு 1981-ல். இன்னொரு அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் ரெட் ஸ்மித்துக்கு, அவர் எழுதிய ஹெரால்ட் டிரிபியூன் 1966-ல் மூடியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1971-ல் டைம்ஸ், 1976-ல் எழுபது வயதில் புலிட்சர். இருவரும் எழுதிய இதழ்களே மூடப்பட்டன, கைப்பழக்கம்தான் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனது.

பத்தி கிடைத்துவிட்டால் நினைத்ததெல்லாம் அச்சாகும் என்றும் எண்ண வேண்டாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிப்பது பற்றி ஸ்மித் எழுதிய பத்தி ஒன்றை, பரிசு வாங்கி நாலு வருடம் ஆன பிறகும், டைம்ஸ் போடவில்லை.

முன்னாள் வீரர்களிலும் நிலைத்தவர்கள் தொழிலைக் கற்றவர்கள்தான். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ரிச்சி பெனோ ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே சிட்னி செய்தித்தாளில் போலீஸ் செய்தி திரட்டினார், 1956-ல் பிபிசியில் பயிற்சி எடுத்தார். ஓய்வுக்குப் பிறகு பேனா எடுத்தவர் அல்ல.

வாரம் ஒன்று என்பது நல்ல கணக்கு. ஸ்மித் வாரத்துக்கு நாலு எழுதிக்கொண்டிருந்தார். இனி மூன்றாகக் குறைக்கிறேன் என்று 1982 ஜனவரி 11-ல் எழுதினார், 15-ஆம் தேதி இறந்தார். உங்களிடம் இரண்டாவது பத்தி கேட்பார்கள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். சேமிப்பில் பத்து விஷயமாவது இல்லாமல் சரி சொல்லாதீர்கள். வெறும் தலைப்பு போதாது, ஒவ்வொன்றுக்கும் அந்த ‘ஏனென்றால்’ வாக்கியம் எழுதியிருக்க வேண்டும்.